நான்காம் மாடி இச்சி மரம்

வாரத்துக்கு இரண்டு நாள் அலுவலகம் வந்தால் போதும் என்பது கம்பெனியின் விதி. ஜோதிமணி ஐந்து நாளும் வந்தாள்.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடி முழுக்க அவர்களுடையது. வெளிநாட்டு மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற வேலை. கொரோனாவுக்கு முன்பு அந்த மாடியில் மத்தியானம் சாப்பிட உட்கார இடம் கிடைக்காது. எந்த மூலையிலாவது யாருக்காவது கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். விதிக்காக வந்து போகிறவர்களும் சேர்ந்தாற்போல் ஒரே நாளில் வருவதில்லை. வரிசை வரிசையாக ஆளில்லாத மேசைகள். நிற்காமல் ஓடும் ஏசி. சில நாள் அந்த மாடியில் ஜோதிமணி ஒருத்திதான் இருப்பாள். அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தால், யாரும் இல்லை என்று நினைத்து விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும். அவள் கையைத் தூக்கி ஆட்டுவாள். மறுபடி எரியும்.

அப்படியும் ஏன் வந்தாள் என்றால், வீட்டில் கையாட்டினால் எரிகிற விளக்குகூடக் கிடையாது.

அவளுடைய ஊர் ஹனூருக்குப் பக்கம். விவசாயக் குடும்பம். கொள்ளேகாலத்தில் படித்து முடித்து மைசூருக்கு வேலைக்கு வந்தபோது இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, தம்பியின் படிப்பு வந்தது, தம்பியின் கல்யாணம் வந்தது. அவளுடைய கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதில் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாக இருந்தாள்.

அந்த மரத்தை அவள் கவனித்தது பிரிண்டரில் எடுத்த ஒரு தாளினால். தாளின் மேல் ஒரு மஞ்சள் இலை கிடந்தது. காற்றே வராத இடத்தில் இலை எப்படி வரும் என்று நிமிர்ந்து பார்த்தாள். பிரிண்டர் பக்கத்து அலமாரியின் மேல், நீலத் தட்டுத் தொட்டியில், முழங்கை உயரத்துக்கு ஒரு இச்சி மரம். அடிமரம் முறுக்கிக்கொண்டு, வேர்கள் மண்ணுக்கு வெளியே விரல்களைப் போலப் பற்றியிருந்தன. நூறு வயது மரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது. கிளைகளில் பாதிக்கு இலை இல்லை. இருந்த இலைகளும் பிசுபிசுவென்று ஒட்டின.

கம்பெனி திறப்பு விழாவின்போது யாரோ பரிசாகக் கொடுத்தது அது. பல வருஷம் கீழே வரவேற்பில் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு வரவேற்பறையே இல்லாமல் போனபோது மேலே கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குத் தன் பாட்டிலில் மீதமிருந்த தண்ணீரை அதற்கு ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். பிறகு அது வழக்கமாயிற்று. காலையில் பையை வைத்ததும் முதல் வேலை மரத்துக்குத் தண்ணீர். "ஏன் இப்புடி வாடிக் கெடக்கற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். கேட்க ஆள் இல்லை.

தண்ணீர் ஊற்ற ஊற்ற இலை அதிகமாகக் கொட்டிற்று. ஒரு வாரத்தில் மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். சேறு. தான் ஊற்றியதை அது குடிக்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெளிச்சமில்லாத இடத்தில் அது என்னத்தைச் செய்ய? சமையல் இல்லாத வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கிய மாதிரி ஆகிவிட்டது.

பூங்குழலியின் நினைவு வந்தது. வரவேற்பில் இருந்தவள். அந்த அலுவலகத்தில் ஜோதிமணியோடு தமிழ் பேசிய ஒரே ஆள். இப்போது கோயம்புத்தூரில் குடும்பமாக இருந்தாள். பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தயங்கித் தயங்கி ஜோதிமணி அழைத்தாள்.

"அக்கா! நீங்களா? எப்டி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறன் பூங்குழலி. ஒரு விசயம் கேக்கோணும். அந்தக் குட்டி மரம், உன் மேசைல இருக்குமே..."

"அய்யோ, அது இன்னும் இருக்கா?"

"பாதி இருக்குது. இப்ப மேல, பிரிண்டர்கிட்ட வெச்சிருக்கறாங்க."

"உள்ளயா? ராத்திரியும் பகலும்?" பூங்குழலியின் குரல் மாறியது. "நான் அத உள்ள வைக்கவே மாட்டேனேக்கா. யாராவது பெரிய ஆளுங்க வர்றப்ப மட்டும் மேசைல எடுத்து வைப்பேன். அவங்க கார் கிளம்புனதும் மறுபடி போர்ட்டிகோ திட்டுல. வெயில், காத்து, பனி எல்லாம் அங்கதான். நீங்க பாத்ததெல்லாம் அது மேசைல இருந்த நேரம் மட்டும்."

"தொட்டில இருக்கறதால வீட்டுச் செடின்னு நெனச்சுப் போட்டாங்க போல."

"அது மரம்க்கா. உயரம்தான் கம்மி, பசி கம்மியில்ல. உங்க ஏசில அதுக்கு மூச்சே முட்டும். எடுத்து வெளிய வைங்க, வேற மருந்தே வேணாம்."

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. "அக்கா, நானே அப்புறம் கூப்பிடறேன், நிறையப் பேசணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்று மாலை வரை ஜோதிமணி ஃபோனை மேசை மேலேயே வைத்திருந்தாள். அடுத்த நாளும்.

கட்டடத்தையும் சாமான்களையும் பார்த்துக்கொள்பவர் நஞ்சுண்டசாமி. கொள்ளேகாலத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். அவரிடம் போய் மரத்தை வெளியே வைக்க வேண்டும் என்று சொன்னாள்.

"போன்சாய்னா உள்ள வெக்கிற கிடா தானே மேடம்?" கன்னடத்தில் கிடா என்றால் செடி. "படத்துல எல்லாம் டீபாய் மேலதானே இருக்கும்?"

"படம் எடுக்கறப்ப மட்டும் உள்ள வெச்சிருப்பாங்க சார். அது வெளிய நிக்கற மரம்."

நஞ்சுண்டசாமி பிரிண்டர் பக்கம் வந்து தொட்டியைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த கம்பெனி எண்ணைக் காட்டினார். "இது கம்பெனி சொத்து. போர்ட்டிகோ இப்ப வேற கம்பெனிக்குக் கொடுத்தாச்சு. காணாமப் போச்சுன்னா என் தலைமேல வரும்." அவர் மோசமானவர் இல்லை. பயந்தவர். தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, "மொட்டை மாடில வேணும்னா வெச்சுக்கோங்க. சாவி மஞ்சுநாத்கிட்ட இருக்கு" என்றார்.

மஞ்சுநாத் கட்டடத்தின் காவலாளி. அவர் கதவைத் திறந்துவிட, ஜோதிமணி தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். சித்திரை வெயில். மொட்டை மாடியின் நடுவில், ஒரு நிழலும் இல்லாத இடத்தில், இனி உனக்கு வேண்டியமட்டும் குடித்துக்கொள் என்கிற மாதிரி மரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். மனசு நிறைந்திருந்தது. 

மூன்றாம் நாள் இலைகள் எல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் நொறுங்கின. ஜோதிமணி அந்தச் சூட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்கில் இருட்டில் கிடந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் நிறுத்தினால் வேறென்ன ஆகும்? பூங்குழலி இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா இது, தனக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாற்றங்காலைப் பார்த்து வளர்ந்தவள்தானே அவள்.

தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. காலை வெயில் மட்டும் வந்து போகிற இடம். மரத்தை அங்கே தள்ளினாள். மண் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர் ஊற்றினாள். மிச்சமிருந்த இலைகளும் கொட்டி மரம் வெறும் குச்சியாக நின்றது. மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, "சத்துஹோய்த்து மேடம்" என்றார், செத்துவிட்டது என்று. ஜோதிமணி நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை தெரிந்தது. "இல்ல" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டை அவள் அங்கேயே கொண்டுபோய் சாப்பிட ஆரம்பித்தாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாமுண்டி மலை மங்கலாகத் தெரியும். கீழே கம்பெனி பஸ்கள் போய் வரும். மஞ்சுநாத் கதவைத் திறந்துவிடும்போதெல்லாம் "ஊட்ட ஆய்தா?" என்று கேட்பார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பவளிடம் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதில் அர்த்தம் இல்லைதான். ஆனாலும் அவள் ஒவ்வொரு நாளும் அதற்குப் பதில் சொன்னாள். "இன்னும் இல்ல, இனிமேதான்" என்பாள். அதை யாரும் அவளிடம் கேட்டுக் கனகாலம் ஆகியிருந்தது.

முதல் கோடை மழைக்குப் பிறகு, கிளை நுனிகளில் ஊசி மாதிரி மொட்டுகள் வந்தன. இறுக்கமாகச் சுருட்டின பச்சை. அடுத்தடுத்த நாளில் அவை பிரிந்து, நகத்தளவு இலைகளாக, மெழுகு பூசினாற்போல மின்னின. காற்றடித்தபோது மரம் முழுவதும் ஆடியது. நான்காம் மாடியில் அது ஒருமுறைகூட ஆடியதில்லை என்று ஜோதிமணிக்குத் தோன்றியது.

ஜூன் தொடக்கத்தில் எல்லோரையும் ஒரு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். பெங்களூரிலிருந்து மேலதிகாரி ஒருவர் சிரித்த முகத்தோடு பேசினார். நான்காம் மாடியைக் காலி செய்யப்போகிறோம், இனிமேல் எல்லோரும் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், அலைச்சல் மிச்சம், குடும்பத்தோடு நேரம் கிடைக்கும் என்றார். திரையில் கைதட்டல் படங்களும் இதயங்களும் பொங்கி மேலே போயின. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். ஜோதிமணி மைக்கைத் திறந்தாள். மூடிவிட்டாள். அந்தக் கூட்டத்தை அவள் நான்காம் மாடியில், தன் மேசையில், தனியாக உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாளில் ஆளுக்கொரு நாற்காலி வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்றார்கள். பலரும் கார் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டார்கள். ஜோதிமணி நஞ்சுண்டசாமியிடம் போனாள்.

"எனக்கு நாற்காலி வேணாம் சார். மரம் குடுங்க."

அவர் அவளோடு மொட்டை மாடிக்கு ஏறிவந்தார். தொட்டியைச் சாய்த்து, அடியில் இருந்த எண் சீட்டைத் தன் கையாலேயே உரித்தெடுத்துக் கசக்கினார்.

"நீங்க எப்ப சார் வீட்ல இருந்து வேலை?" என்று கேட்டாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"எனக்கு ஏது மேடம் வீட்ல இருந்து வேலை?" அவர் சிரித்தார். "கட்டடம் இருந்தாத்தானே நான்."

மஞ்சுநாத் மரத்தைத் தூக்கிவந்து ஆட்டோவில் அவள் மடியில் வைத்தார். வழியெல்லாம் இலைகள் அவள் முகத்தில் உரசிக்கொண்டே வந்தன.

அக்ரஹாரத்து வீடு இரண்டு வீடுகளுக்கு நடுவே நெருக்கி நின்றது. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் இருக்க வேண்டும். அலுவலகம் போய் வந்தவரை அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. தூங்குவதற்கு வெளிச்சம் எதற்கு? இப்போது அந்த அறைக்குள்ளேயே காலையிலிருந்து மாலை வரை உட்கார வேண்டியிருந்தது. லேப்டாப்பை வைத்த மேசையில், இடது கைப்பக்கம், மரத்தை வைத்தாள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டாள். மழை விடட்டும், அப்புறம் இடம் பார்க்கலாம்.

அதற்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு இப்போது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் வைத்தாள். பேச ஒரு முகம் மாதிரி அது இருந்தது. பில்லில் ஒரு தப்பு கண்டால் "இதப் பாரு, ஒரே எக்ஸ்ரேக்கு ரெண்டு தடவ பணம் போட்டிருக்கறாங்க" என்று அதனிடம் சொன்னாள். சாப்பிடும்போது தட்டை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏசி இல்லையே, அந்த அளவுக்கு மோசமில்லை என்று சமாதானம் செய்துகொண்டாள்.

புது இலைகள் வந்தன. ஆனால் அவை மொட்டை மாடியில் வந்த மாதிரி இல்லை. அகலமாக, மெலிசாக, வெளிறி இருந்தன. இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டு, எல்லாக் கொழுந்தும் ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டின. ஜன்னலுக்கு அப்பால் சுவர்தான் இருந்தது. ஆடி மாதம் முழுக்க ஒரே தூறல். ஒருநாள் லேப்டாப்பின் மேல் ஒரு மஞ்சள் இலை விழுந்தது. அவள் அதைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். செடிகளுக்கான விளக்கு என்று விற்ற ஒரு ஊதா பல்பை வாங்கி மாட்டினாள். அறை முழுக்க ஊதாவாயிற்று. மரம் நன்றாகத் தெரிந்தது. இலை கொட்டுவது கொஞ்சம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அம்மா மாதம்மா ஹனூரிலிருந்து பேசினாள்.

"ஏஞ்சாமி, தொண்டை கட்டீருக்குதா?"

"இல்லீங்கம்மா, நல்லாத்தான் இருக்கறன்."

"கொரல் கரகரங்குதே."

ஜோதிமணி யோசித்துப் பார்த்தாள். மணி மாலை நாலு. அன்றைக்கு அவள் வாய் திறந்து பேசுவது அதுதான் முதல் தடவை. மரத்திடம்கூடப் பேசியிருக்கவில்லை. எப்போதிலிருந்து அதனிடம் பேசுவதை நிறுத்தினோம் என்று நினைவில்லை. கொட்டுகிற இலையைப் பார்க்க வேண்டாம் என்று அவள் அந்தப் பக்கம் திரும்புவதையே குறைத்திருந்தாள்.

"இங்கயே வந்துரு கண்ணு. கம்ப்யூட்டரு இங்கயும் ஓடுமல்ல?" என்றாள் அம்மா.

தம்பியின் வீட்டில், கூடத்து மூலையில், எல்லோரும் டிவி பார்க்கிற இடத்தில் ஒரு மேசை போட்டுத் தருவார்கள். பாசமாகத்தான் வைத்துக்கொள்வார்கள். வருகிறவர்கள் எல்லாம் "அக்கா இங்கயே வந்துட்டாங்களா?" என்று கேட்பார்கள். "பாக்கலாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

அன்றே மாடி ஏறிப்போய் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தாள். நஞ்சம்மா கறாரானவள், கெட்டவள் இல்லை. ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருந்தும் ஜோதிமணி வாடகை கொடுக்கிற நாளைத் தவிர வேறு நாளில் அந்தப் படியில் ஏறியதில்லை. மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைக்க இடம் வேண்டும் என்று கேட்டாள்.

"பேடம்மா, வேண்டாம்" என்றாள் நஞ்சம்மா உடனே. "பழைய மாடி. போன மழைக்கே என் படுக்கைமேல சொட்டுச்சு. நீ தண்ணி ஊத்த ஊத்த அது எறங்கும்."

"கொஞ்சமாத்தான் ஊத்துவேன், ஆன்ட்டி. அடில தட்டு வெக்கறேன்."

"இன்னிக்கு ஒரு தொட்டிம்பே, நாளைக்கு நாலு ஆகும். வாசல்ல வெச்சுக்கோ. காலைல அங்க வெயில் விழுது."

வாசல் என்பது தெருவை ஒட்டிய ஒற்றைப் படி. அடுத்த நாள் காலையில் மரத்தை அங்கே வைத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டு, உள்ளிருந்து பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஃபோட்டோ எடுத்தார்கள். நான்கு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் அவள் ஒரு வீடியோ கூட்டத்தில் இருந்தபோது வாசலில் ஒரு சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், ஒரு பசு தெருவில் நின்றபடி நிதானமாக மென்றுகொண்டிருந்தது. வலது பக்கத்துப் பெரிய கிளை அடியோடு பிய்ந்து போயிருந்தது. மரத்தின் அழகே அந்தக் கிளையில்தான் இருந்தது. பிய்ந்த இடத்தில் வெள்ளைப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பசுவை விரட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அது அசையாமல் அவளையே பார்த்தது. அவள் படியில் உட்கார்ந்து, தொட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே லேப்டாப்பில் யாரோ "ஜோதிமணி, ஆர் யூ தேர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாடியிலிருந்து நஞ்சம்மா இறங்கிவந்தாள். என்ன ஆயிற்று என்று பார்த்தாள். "ஒரு கிளைதானே போச்சு, மறுபடி வரும்" என்றாள். பிறகு, "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றாள். ஜோதிமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வேற வீடு பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. கோபத்தில் சொல்லவில்லை. நஞ்சம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்கவில்லை.

தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடைப்பது சுலபமில்லை. தரகர் ஸ்கூட்டரில் முன்னால் போக, இவள் ஆட்டோவில் பின்னால் போனாள். எல்லா வீட்டுக்காரர்களும் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருத்திதான் என்றதும் இரண்டாவது பார்வை பார்த்தார்கள். ஒரு வீட்டில் கல்யாணமான அண்ணனோ தம்பியோ வந்து பேசட்டும் என்றார்கள். அவளும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். தண்ணீர் எப்படி என்று கேட்கவில்லை. "வெயில் எந்தப் பக்கத்துல இருந்து வரும்?" என்றாள். தரகர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வெயில் வராத வீடு கேப்பாங்க மேடம், நீங்க என்ன?" என்றார்.

கும்பாரகொப்பலில் ஒரு வீடு அமைந்தது. முதல் மாடி. சமையலறைக்கு வெளியே, கிழக்குப் பார்த்து, இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குத் திறந்த இடம். சொந்தக்காரர்கள் பெங்களூரில் இருந்தார்கள். எத்தனை பேர் என்று அவர்களும் கேட்டார்கள். கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். அக்ரஹாரம் மாதிரி இறங்கினால் பூக்கடை, காய்க்கடை, கோயில் என்று கிடையாது. பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். தெருவில் ஒரு முகமும் தெரியாது. ஜோதிமணி சரி என்றாள்.

"இருக்கற வீட்டுக்கு என்னாயா கேடு?" என்றாள் மாதம்மா ஃபோனில்.

"இருட்டுங்கம்மா."

"ஆறு வருசமா இருட்டாத்தான இருந்துச்சு?"

ஜோதிமணி பால் காய்ச்சுகிற தேதியைச் சொன்னாள். அம்மா, "பால் காச்சற அன்னிக்கு நாங்க வரோணுமா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், தீபாவளிக்கு வாருங்கள் என்றாள் ஜோதிமணி.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. முதல் வாரம் மரத்தைச் சுவரின் நிழலில் வைத்தாள். பிறகு ஒவ்வொரு சாணாக வெயிலுக்கு நகர்த்தினாள். தானும் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று ஆசைப்பட்டிருந்தாள். முதல் நாளே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. வெயிலில் லேப்டாப் திரையில் எழுத்து தெரியவில்லை. அவள் உள்ளே போக வேண்டியிருந்தது, மரம் வெளியே இருக்க வேண்டியிருந்தது. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரம் காற்றில் ஆடுவது தெரியும். பேசினால் அதற்குக் கேட்காது. உள்ளே இருந்தபோது மட்டும் கேட்டதா என்ன, என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு அவளிடமிருந்து வேண்டியது ஒரு சொம்புத் தண்ணீர், அதுவும் மண் காய்ந்தால்தான். மற்றதெல்லாம் அதற்கு வெளியிலேயே கிடைத்தது. இது தெரிந்தபோது சந்தோஷமாக இல்லை. ஒரு நாள் முழுக்க வேலையே ஓடவில்லை.

தசரா விடுமுறையில் தெரு காலியாகக் கிடந்தது. எல்லோரும் அரண்மனைப் பக்கமோ சொந்த ஊருக்கோ போயிருந்தார்கள். அவள் பழைய துணியால் இலைகளைத் துடைத்து, தண்ணீர் ஊற்றுகிற சொம்பைக் கழுவி, வேறு வேலை இல்லாமல் வெளியே நின்றாள். நீண்டு மெலிந்த தண்டுகளைக் கத்தரியால் வெட்டிவிட்டிருந்தாள். வெட்டிய இடத்துக்குக் கீழே, இரண்டிரண்டாக, கெட்டியான சின்ன இலைகள் வந்திருந்தன. பசு பிய்த்த பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அந்தக் காயம் கறுத்து, ஓரம் லேசாக உருண்டிருந்தது. இனி அது ஒரு பக்கம் காலியான மரம்தான்.

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட ஒரு பெண் வந்தாள். ஜோதிமணியின் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தாள். உதறிய புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, "ஹொஸபரா?" என்று கேட்டாள், புதிதாக வந்திருக்கிறீர்களா என்று.

ஆமாம் என்று ஜோதிமணி தலையசைத்தாள். பிறகு, அவ்வளவு தூரத்துக்குத் தலையசைப்பு தெரியாதோ என்று, "ஹௌது" என்று சத்தமாகவே சொன்னாள்.

"எஷ்டு ஜனா?"

எத்தனை பேர் என்ற அந்தக் கேள்விதான். "நான் ஒருத்திதான்" என்று கன்னடத்தில் சொன்னாள். அந்தப் பெண் இரண்டாவது பார்வை பார்க்கவில்லை. கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே, "அது ஆலமரமா? அவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள்.

"ஆலமரத்துக்குச் சொந்தக்காரங்க. இச்சி."

"வீட்டுக்குள்ள வெச்சா அழகா இருக்குமே."

ஜோதிமணி வாயைத் திறந்தாள். பிரிண்டரில் விழுந்த இலையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். எதிர் மாடிக்கு, தெருவைத் தாண்டி, கத்திச் சொல்கிற கதை இல்லை அது. "உள்ள வெச்சா தாங்காதுங்க" என்றாள்.

"ஓ" என்றாள் அந்தப் பெண். வாளியை எடுத்துக்கொண்டாள். இறங்கிப் போகும்போது, "அப்புறம் கிட்ட வந்து பாக்கறேன்" என்றாள். வருவாளோ, மாட்டாளோ. ஜோதிமணி உள்ளே போய் இரண்டு டம்ளர்களைக் கழுவி மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு மரத்தின் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.